பதினேழாவது படி

போஜேனா என்னிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசியது தபால் பெட்டிகளுக்கு முன்னால். எங்கள் ஸ்கார்விக்கில் முப்பத்தொரு வீடுகள். முப்பத்தொரு பெட்டிகளும் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். நார்வே மேற்குக் கரையில் பெய்கிற மழையில் பாதி எங்கள் ஊர்த் தலையில்தான் விழுகிறது. வானிலை அறிவிப்பாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நான் கார் ஏற்றிச் செல்லும் படகில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவள், எனக்குத் தெரியும். அன்றைக்கு மழை மேலிருந்து விழவே இல்லை, கடலிலிருந்து குறுக்காக வந்து காதுக்குள் புகுந்து மறு காது வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மேடம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்களூரில் மந்திரியே வந்து நின்றாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். போலந்துக்காரர்களுக்கு அது நாக்கில் புரளாது.

"என் பேரு தூர்திஸ்."

"தெரியும் மேடம். பெட்டியில எழுதியிருக்கு. பத்து மாசமா தினம் படிக்கிறேன்."

அவள் கணவன் விதோல்ட் தச்சர். சாதாரணத் தச்சர் இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்த மாஸ்டர். போன ஆகஸ்டில் இங்கே மரவீடு கட்டும் நிறுவனம் ஒன்று அவனை வேலைக்கு எடுத்தது. ஒரு வேனில் கருவிகள், இன்னொரு வேனில் மனைவி, ஒன்பது வயது மகள் கிங்கா, ஊறுகாய் வெள்ளரிக்காய் பாட்டில்கள் என்று தெற்குப் போலந்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். வெள்ளரிக்காய் முந்நூறு பாட்டில் இருக்கும். நான் எண்ணவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"ஜூன் இருபது ஸ்கூல் முடியுது," என்றாள் போஜேனா. "நானும் கிங்காவும் ஊருக்கே திரும்பிடலாம்னு இருக்கோம். அவர் இங்கயே இருந்து வேலை பார்க்கட்டும்."

"ஏன், வீட்டுல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மேடம். பேச ஆளே இல்ல. பத்து மாசத்துல எங்க வீட்டு மணிய அடிச்சது ஒரே ஒருத்தர். அவரும் மீட்டர் பார்க்க வந்தவர், வீடு மாறி அடிச்சிட்டார்."

எனக்கு முகம் சுட்டது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேலியும் ஒரு பூனையும்தான். ஆனால் எங்களூரில் ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் பெரிய மரியாதை. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பத்து மாதமாக விடாமல் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். அது அவர்களைக் கொன்றுகொண்டிருந்தது.

"இங்க பாரு," என்றேன். "வர்ற சனிக்கிழமை பத்து மணிக்குப் பொதுவேலை, இன்னிக்கு நோட்டீஸ் ஒட்டறேன். கூலி கிடையாது, ஆனா ஊரே வரும். மூணு பேரும் வந்து எங்களோட நில்லுங்க. அதுக்கப்புறம் உங்கள வெளியாளுன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது."

"நிச்சயமா மேடம்?"

"என் பொய்ப்பல் மேல சத்தியம்."

"என்ன வேலை?"

"படகுத்துறைக்கு இறங்கற படி எல்லாம் உளுத்துப் போச்சு. நாப்பத்து நாலு படி. மாத்தணும், பலகை வந்து எறங்கியாச்சு."

"மரப் படியா?" அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

வியாழனும் வெள்ளியும் நான் ஊரில் இல்லை. தீவில் இருக்கிற என் தங்கை வீட்டுக்கு அவளுடைய புதுத் திரைச்சீலையைக் குறை சொல்வதற்காகப் போயிருந்தேன். படிகள் இருப்பது குன்றுச் சரிவில், எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் தெரியாது. சுத்தியல் சத்தத்தை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மே மாதத்தில் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனாவது எதையாவது அடித்துக்கொண்டுதான் இருப்பான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மரியாதை!

சனிக்கிழமை காலை பத்து மணி. முப்பத்தெட்டுப் பேர் கிழிந்த கால்சட்டையும் பழைய மழைக்கோட்டுமாகக் குன்றின் மேல் கூடினோம். பொதுவேலைக்கு நல்ல துணி போட்டு வருவது எங்களூரில் நீச்சலுடையில் தேவாலயத்துக்குப் போவது மாதிரி. நான்கு வாஃபிள் அச்சுகள் வந்திருந்தன. என் வாளியில் இருந்த மாவில் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டியிருக்கலாம். அஸ்பியோர்ன் தன் சுத்தியலோடு முன்னால் நின்றான். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், என் பொய்ப்பல்லைச் செய்தவனும் அவன்தான். பதினெட்டு வருடமாக ஆணி வாளி அவன் பொறுப்பு. நாற்பது வருடம் ஊர்க்காரர்கள் வாயில் செய்யப் பயந்ததையெல்லாம் வருடத்தில் ஒருநாள் மரத்தில் செய்து தீர்த்துக்கொள்வான்.

சரிவில் திரும்பினோம். நின்றோம்.

நாற்பத்து நான்கு படிகளும் புதிதாக இருந்தன. மூலைகள் உருட்டி இழைக்கப்பட்டிருந்தன. ஸ்க்ரூ தலைகள் எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே கோட்டில் நின்றன. கைப்பிடிகூடப் புதிது, சாயமும் பூசியாகிவிட்டது. கீழே, கடைசிப் படியில், இஸ்திரி போட்ட சட்டையில் விதோல்ட் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போஜேனா, நீலக் கோட்டும் முத்துமாலையுமாக, கையில் நீளமான கசகசா கேக்குடன். கிங்கா தலையில் ரிப்பன்.

"முடிச்சிட்டேன்!" என்று கத்தினான் விதோல்ட். "ரெண்டு நாள் லீவு போட்டேன். நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்!"

ஒரு கடற்காகம் மட்டும் கத்தியது. கடைசியில் அஸ்பியோர்ன் தொண்டையைச் செருமினான்.

"நல்லா இருக்கு," என்றான்.

"ஆமா, நல்லா இருக்கு," என்றாள் அவன் மனைவி போர்ஹில்ட்.

முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக "நல்லா இருக்கு" என்றார்கள். இறந்தவர் வீட்டில் கைகுலுக்குவது போல இருந்தது. அஸ்பியோர்ன் ஆணி வாளியை மெதுவாகக் கீழே வைத்தான், பிறகு நினைவு வந்தது போல் மறுபடி எடுத்துக்கொண்டான். வாஃபிளை யாரும் தொடவில்லை. எப்படித் தொடுவது? பதினொன்றரைக்குத்தான் வாஃபிள், அதுவும் முதுகு வலித்தால்தான். பத்தே முக்காலுக்குக் குன்றின் மேல் ஒரு ஈ காக்கை இல்லை. கசகசா கேக் வெட்டப்படாமலே வீடு திரும்பியது. ரிப்பன் கட்டிய தலை ஒன்று கேக்குக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பொய்ப்பல் வாயில் கூசியது.

மறுநாள் ஞாயிறு. வேலியையும் பூனையையும் தாண்டிப் போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த கிங்கா உள்ளே திரும்பி ஏதோ வீறிட்டாள். வாசல் ஓரம் ஒரு பிரம்புக் கூடை. அதில் எட்டு ஜோடி வீட்டுச் செருப்புகள், விருந்தாளிகளுக்கு. போலந்து வீடுகளில் வருகிறவர் காலுக்குச் செருப்பு தராமல் உள்ளே விடமாட்டார்கள். எட்டிலும் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. நான் ஒன்றைப் போட்டுக்கொண்டபோது கிங்கா சீட்டைப் பிய்த்தாள். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

சமையலறையில் போஜேனா காபி ஊற்றினாள். அவள் கண் வீங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்று: அடுத்த வருடம் கிங்கா இங்கே படிப்பாளா, மாட்டாளா, ஜூன் முதல் வாரத்துக்குள் சொல்லவும். பெற்றோர் கையெழுத்து இடம் காலி.

"ஒரு ஆள் நன்றி சொல்லல மேடம்," என்றான் விதோல்ட். "மட்டம் தப்பா? மரம் பிடிக்கலையா?"

"நன்றியா! கிறிஸ்துமஸ் பரிசு முப்பத்தெட்டையும் முந்தின நாளே பிரிச்சு, நீயே போட்டுக்கிட்டு வந்து நின்னு, 'நீங்க சிரமப்பட வேணாம்'னு சொன்னா யாரு நன்றி சொல்லுவா?"

அவன் விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எங்க அப்பா காலத்துல, கம்யூனிஸ்ட் ஆட்சியில, எங்க ஊர்ல இது உண்டு மேடம். ஞாயித்துக்கிழமை லாரியில ஏத்திக்கிட்டுப் போய், மண்வெட்டியக் கையில குடுத்து, 'விருப்பப்பட்டுச் செய்றோம்'னு சொல்லச் சொல்லுவாங்க. அப்பா திரும்பி வந்து மண்வெட்டிய சுவத்துல வீசுவார். உங்க நோட்டீஸப் பார்த்ததும் நெனச்சேன், பாவம், இங்கயும் ஜனங்கள விட்டு வைக்கல. நான்தான் தச்சன் ஆச்சே, இவங்களுக்கு விடுதலை குடுப்போம்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

"விடுதலைய யாருப்பா கேட்டா? வருஷம் பூரா ஒருத்தருக்கொருத்தர் தலைய ஆட்டிட்டுப் போறவங்க நாங்க. கையில சுத்தியல் இருந்தாத்தான் எங்களுக்குப் பேச வரும்."

விதோல்ட் எழுந்தான். டிரில்லை எடுத்தான். "பிரிச்சிடறேன்."

"உக்காரு! இன்னிக்கு ஞாயிறு. ஞாயித்துக்கிழமை டிரில் சத்தம் கேட்டா, இந்த ஊர்ல கொலைக்கு அடுத்தது அதுதான்."

உட்கார்ந்தான். நான் யோசித்தேன். பிரித்துப் போட்டுவிட்டு "வாங்க, விளையாடலாம்" என்றால் ஒருவனும் வரமாட்டான். எங்களுக்குப் பொய் வேலை ஆகாது. உண்மையிலேயே தேவை இருந்தால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவோம்.

"பலகை பத்தலைன்னு எழுதட்டுமா?" என்றேன்.

"முழுசா முடிஞ்சதை எல்லாரும் பார்த்தாங்களே மேடம்." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் அவனுடைய சான்றிதழ் சட்டத்துக்குள் தொங்கியது, தங்க முத்திரையோடு. இருபத்திரண்டு வருடத் தொழில். எதிரில் போஜேனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் செஞ்சதுல தப்பு இருக்குன்னு எழுதுங்க," என்றான்.

"தப்பே இல்லாதப்போ எப்படிப்பா?"

"எழுதுங்க மேடம். விதோல்ட் போட்ட படி சரியில்ல, பிரிக்கணும், அவனால தனியா முடியல. என் பேரையும் போடுங்க."

போஜேனா காபிக் கோப்பையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கழுவிய கோப்பை.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினான். பலகைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினான். மூடும்போது, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரத்தைத் தட்டிவிட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். புதன்கிழமை நான் தபால் பெட்டிக் கூரையில் நோட்டீஸ் ஒட்டினேன்: "விதோல்ட் அமைத்த படிகளில் பிழை. நாற்பத்து நான்கையும் திரும்பப் போட வேண்டும். அவருக்கு உதவி தேவை. சனிக்கிழமை, பத்து மணி."

"உதவி தேவை" என்பது எங்களூரில் தீயணைப்பு மணி மாதிரி. சனிக்கிழமை ஒன்பதேகாலுக்கே கூட்டம் கூடிவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் ஐம்பதாகிவிட்டார்கள். இடுப்பில் இரும்பு வைத்தவர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைத் திட்டினார். முதலில் வந்தவன் அஸ்பியோர்ன். அவன் முகத்தில் இருந்த ஒளியில் கலங்கரை விளக்கமே வெட்கப்பட்டிருக்கும்.

"தம்பி, சுத்தியல எப்படிப் பிடிச்ச, காட்டு," என்றான் விதோல்டிடம்.

விதோல்ட் பிடித்துக் காட்டினான்.

"அதான் பார்த்தேன்! ரொம்ப மேல பிடிக்கிற. நுனியில பிடிக்கணும். அப்புறம் இந்த ஸ்க்ரூவெல்லாம் சோம்பேறிங்க வேலை. ஆணிதான் ஆணி."

"அப்படிங்களா டாக்டர்," என்றான் விதோல்ட். அவன் கழுத்து நரம்பு ஒன்று தனியாகத் துடித்தது.

"கொண்டா இங்க, பதினேழாவது படிய நான் போடறேன். பார்த்துக் கத்துக்க."

அஸ்பியோர்ன் பதினேழாவது படிக்குப் பதினோரு ஆணி அடித்தான். ஏழு வளைந்தது. படி இடப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்தது. விதோல்ட் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டான். பைத் துணி பொத்துக்கொண்டு விரல் வெளியே வந்துவிடும் என்று நான் பயந்தேன். கிங்காவும் ஊர்ப் பிள்ளைகளும் வளைந்த ஆணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார்கள்.

"டாக்டர் புடுங்கின பல்லு, இதோட ஏழு!" என்று கிங்கா உரக்க எண்ணினாள். ஊரே சிரித்தது, அஸ்பியோர்ன் தவிர. பிறகு அஸ்பியோர்னும்.

போஜேனா அன்றைக்கு முழங்கால் கிழிந்த கால்சட்டையில் வந்திருந்தாள். கைப்பிடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் மேல் போர்ஹில்ட் பாய்ந்தாள்.

"ஏய் பொண்ணே! சாயம் என் ஷூவுல சொட்டுது. கண்ண எங்க வெச்சிருக்க?"

போஜேனா தூரிகையோடு குனிந்து அந்த ஷூவைப் பார்த்தாள்.

"ஒரு காலுக்கு மட்டும் இருந்தா நல்லா இல்ல," என்றாள். "அந்தக் காலையும் நீட்டுங்க."

பிறகு போர்ஹில்ட் சிரித்த சிரிப்பில் துறையில் கட்டியிருந்த படகுகள் ஆடின. அவள் மற்றக் காலையும் நீட்டினாள், நிஜமாகவே.

பதினொன்றரைக்கு வாஃபிள். கசகசா கேக் புதிதாகச் சுட்டு வந்திருந்தது, நான்கு நிமிடத்தில் தட்டு காலி. நான் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தபோது அஸ்பியோர்ன் பக்கத்தில் வந்து நின்றான்.

"தூர்திஸ், போன ஞாயிறு நான் தனியாப் போய் அந்தப் படியெல்லாம் ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"குமிழி நடுவுல நின்னுச்சு. நாப்பத்து நாலுலயும். நகரவே இல்ல." ஜாம் வழிந்த விரலை நக்கிக்கொண்டான். "அவன்கிட்ட சொல்லாத. தப்பு இருக்குன்னு ஒரு மாஸ்டர் தன் பேரோட ஒட்ட விட்டா, நாம வந்துதான் ஆகணும்."

ஆணி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நோவா காலத்து மழையை அதற்குப் பக்கத்தில் வைத்தால் தூறல் என்பீர்கள். சாசேஜ் இன்னும் சுடவில்லை. சரிவுக்கு மிக அருகில் இருப்பது போஜேனாவின் வீடுதான். அவள் வாசலில் நின்று கையை ஆட்டிக் கத்தினாள்.

"எல்லாரும் உள்ள வாங்க! அங்க நின்னு என்ன பண்றீங்க, முளைக்கவா போறீங்க?"

பத்தொன்பது பேர் நுழைந்தோம். போர்ஹில்ட் பதினொன்று என்பாள், அவளுக்குக் கணக்கு வராது. எட்டு ஜோடிச் செருப்பும் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. கடைசி ஜோடி இளஞ்சிவப்பு, மேலே பஞ்சுக் குஞ்சலம். அது அஸ்பியோர்னுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் ஈரக் காலுறையோடு நின்றார்கள். போஜேனா, "ஐயோ, இன்னும் வாங்கியிருக்கணும், வாங்கியிருக்கணும்," என்று போலந்து மொழியிலும் எங்கள் மொழியிலும் மாற்றி மாற்றிப் புலம்பினாள். வெள்ளரிக்காய் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விதோல்ட் சான்றிதழுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பில் இரும்பு வைத்தவர் அவனுக்குப் படி கட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் நைசாகச் சமையலறைக்குள் போனேன். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். காந்தம் மட்டும் இருந்தது.

"என்ன மேடம் தேடறீங்க?" பின்னால் போஜேனா.

"தண்ணி குடிக்கலாம்னு."

"தண்ணி குழாயில வரும். ஃபிரிட்ஜ் கதவுல வராது." அவள் ஒரு தம்ளரை எடுத்து நிரப்பி என் கையில் கொடுத்தாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். கிங்கா இங்கதான் படிக்கிறா."

"பார்த்தியா! நான் சொன்னேன்ல? ஒரு பொதுவேலை நாள் போதும்னு!"

"இன்னிக்கு இல்ல மேடம். புதன்கிழமையே."

எனக்குத் தண்ணீர் புரையேறியது. "புதன்கிழமையா? அப்போ இந்த வாஃபிள், இந்தக் கூட்டம்?"

"இதெல்லாம் இருந்தா நல்லதுதான்." அவள் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தாள். "எங்க வீட்டுல கதவு கிரீச்சுன்னாக்கூட அவர் காத்து மேல பழி போடுவார். தன் வேலையில தப்புன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒருதடவை ஒத்துக்கிட்டதில்ல. நீங்க ஒட்டின காகிதத்துல அவர் பேரப் பார்த்தேன். மழையில நின்னு மூணு தடவை படிச்சேன். எனக்காகவும் கிங்காவுக்காகவும் அந்த மனுஷன் அதை ஊர் பார்க்க ஒட்ட விட்டாரு. நேரா ஸ்கூலுக்குப் போயிட்டேன்."

தம்ளரைக் காலி செய்தேன். ஆனாலும் அந்தக் குடும்பத்தை ஸ்கார்விக்கில் நிறுத்தி வைத்தது நான்தான் என்று தங்கையில் தொடங்கி படகு ஊழியர் சங்கம் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி மாற்ற முடியாது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. விதோல்ட் இப்போது ஆணி வாளிக்குத் துணைப் பொறுப்பாளர், அஸ்பியோர்னுக்குக் கீழே. கூடையில் இருபத்திரண்டு ஜோடிச் செருப்பு. தினமும் மாலையில் அவன் துறைக்கு இறங்குவதை என் தோட்டத்து மூலையிலிருந்து பார்க்கிறேன். வேலிக்கு மேல் ஏறி நின்றால் தெரியும். பதினாறு படி சாதாரணமாக இறங்குவான். பதினேழில் கால் பட்டதும் நின்று குனிவான்.

"விதோல்ட்!"

"சும்மாதான் மேடம். ஒரே ஒரு ஆணி துருத்திட்டு இருக்கு. யாராவது தடுக்கி..."

"நாலு வருஷமா ஒருத்தரும் தடுக்கல. தொட்டுப் பாரு, நாளைக்கே நோட்டீஸ் ஒட்டறேன்."

அவன் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பதினெட்டாவது படிக்கு இறங்குவான்.